இருபத்தேழாவது வாக்கு

நிதானம் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று; அலுவலகத்தார் இட்டது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். கதவைச் சாத்துமுன் சாவி சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். மின்தூக்கியின் கதவு திறந்தாலும், அது தளத்தோடு ஒட்டி நின்றிருக்கிறதா எனக் குனிந்து நோக்கிய பின்னரே காலெடுத்து வைப்பார். அனுப்பவேண்டிய கடிதம் ஒற்றை வரியே ஆனாலும் உதடசைய ஒருமுறை படித்துவிட்டுத்தான் அனுப்புவார். “சாருக்குச் சொர்க்கமே கிடைச்சாலும், தரை காஞ்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் உள்ள போவாரு” என்று பக்கத்து மேசைப் பெண்மணி சொல்வதுண்டு. பிறர் எழுதும் கணினி நிரல்களில் பிழை தேடுவது அவ்வம்மையின் பணி. ஆதலால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

மெத்தைக் கடை ஒன்றுக்கு மேலே, மூன்றாம் தளத்தில், ஆறு மேசைகள் கொண்ட அலுவலகம் அது. மருத்துவமனைகளின் முன்பதிவுக்கான இணையப் பக்கங்களை அங்கே எழுதினர். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்க மூலையில் ஒரு வாளி இருக்கும். வாளி நிறைவதற்குள் அதனை நினைவாக எடுத்துக் கொட்டுபவரும் நிதானமே.

இத்தனை எச்சரிக்கையுள்ள மனிதரும் ஒருநாள் சறுக்கினார். ஒரு மருத்துவமனையின் முகப்பில், குறிப்பிட்ட ஒரு நோயாளியின் பெயரைத் தட்டினால் மட்டும் திரை வெள்ளையாகிப் போயிற்று. சரிசெய்ய நேரிலேயே சென்றார். அந்த நோயாளி ஓர் அம்மாள். கையில் கட்டுடன் காலை ஒன்பது மணியிலிருந்து நடைவழியில் அமர்ந்திருந்தார். அப்போது மணி பன்னிரண்டு.

காரணம் கண்டுபிடிக்க நெடுநேரமாகவில்லை. நோயாளியிடமிருந்து அவருடைய பாதுகாவலருக்கும், பாதுகாவலரிடமிருந்து தொலைபேசி எண்ணுக்கும் நிரல் படிப்படியாகச் செல்லும். அந்த அம்மாளுக்குப் பாதுகாவலர் என்று எவரும் பதியப்படவில்லை. இல்லாத ஒருவரிடம் எண்ணைக் கேட்கப் போன நிரல் அங்கேயே விழுந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் ‘ஆள் இருக்கிறாரா?’ என்று தனித்தனியே சோதித்துவிட்டுத்தான் மேலே செல்லவேண்டும். அப்படி நாலாயிரம் இடங்களில் சோதித்திருந்தவர், அந்த ஓரிடத்தில் விட்டுவிட்டார்.

காரணத்தைக் கேட்டதும் அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எனக்கு யாரும் இல்லைங்கிறது எனக்கே தெரியும் தம்பி. அதை உங்க மெஷினு இத்தன பேர் முன்னாடியா சொல்லணும்?”

அச்சொல் நிதானத்தின் நெஞ்சில் தைத்தது. நாலாயிரத்தில் ஒன்று தவறியது தம் குற்றந்தான். எனினும் ஒரு மனிதனை நாலாயிரம் முறை ஒன்றையே கேட்கவைக்கும் கணினி மொழியின் மீதும் குற்றம் உண்டன்றோ? அன்று மாலையே ஒரு தாளில் எழுதினார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல அம்மொழியில் ஓர் அம்புக்குறி உண்டு. அம்புக்கு முன்னால் ஒரு கேள்விக்குறியை இட்டுவிட்டால் போதும்: ஆள் இருந்தால் மேலே செல், இல்லையேல் கூச்சலிடாமல் வெறுங்கையுடன் திரும்பி வா. வேறு சில மொழிகளில் இத்தகைய வசதி முன்பே இருந்தது. தாம் நாள்தோறும் எழுதும் மொழியில்தான் இல்லை.

அம்மொழி ஒருவருக்கும் சொந்தமானதன்று. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் நிரலாளர்கள் கூடி நடத்துவது. அதில் மாற்றம் வேண்டுவோர் ஒரு முன்மொழிவை எழுதி, எல்லாருக்கும் செல்லும் பொதுமடலில் இடவேண்டும். இரண்டு வாரம் அனைவரும் அலசுவர். பின்னர் இரண்டு வாரம் வாக்கெடுப்பு. நெடுங்காலம் உழைத்த நாற்பது பேருக்கே வாக்குரிமை. மூன்றில் இரண்டு பங்கு வந்தால் வெற்றி. தோற்றால் ஆறு மாதத்திற்கு அதனை மீண்டும் கொண்டுவரலாகாது. யார் எப்பக்கம் என்பது எல்லாரும் காணத் திறந்தே கிடக்கும். போட்ட வாக்கை முடியும் நேரம் வரை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. வாக்குரிமை இல்லாத ஒருவர் முன்மொழிவதாயின், உரிமையுள்ள ஒருவர் அவருக்குத் துணைநிற்கவேண்டும்.

நிதானத்துக்கு அத்தகைய துணையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அவருடைய மனைவியின் அண்ணன் அந்த நாற்பதின்மருள் ஒருவர்.

மச்சானும் அவரும் ஒரு காலத்தில் ஒரே அறையில் தங்கி, ஒரே கணினியை முறைவைத்துப் பயன்படுத்தியவர்கள். விசைகளை உடைப்பது போலத் தட்டுவார் என்பதால் மச்சானுக்கு ‘மரங்கொத்தி’ என்று பெயர் வைத்தவரே நிதானந்தான். மச்சான் அதனை மகிழ்ந்து ஏற்று, வாக்குப் பட்டியலிலும் அப்பெயரிலேயே இருந்தார். பின்பு தங்கையைக் கொடுத்தார், உறவும் ஆயிற்று. இப்போது அவர் ஒரு பெரிய நிறுவனத்தில், கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் இருந்தார்.

“கேள்விக்குறியா? நீ பொறந்ததுலேருந்து கேக்குறதே அதைத்தானே மாப்ள! நான் நிக்கிறேன் உனக்கு” என்றார் மச்சான்.

பதினான்கு மாதங்கள், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், மச்சான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவ்வேலை நடந்தது. ஒருவர் எழுத மற்றவர் குறைகண்டார். இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளை நிதானம் ஒவ்வொன்றாக எழுதி ஓட்டிப் பார்த்தார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்திக்கூட இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டீங்க” என்பாள் மனைவி.

“அவன் என்கிட்ட விசாரிச்சான்மா. நான்தான் பாதியை மறைச்சுட்டேன்” என்பார் மச்சான். மூவரும் சிரிப்பர்.

வாக்கெடுப்புத் தொடங்கிய நாளில் முதல் வாக்கு மரங்கொத்தியினுடையது. ‘வேண்டும்’ என்னும் பத்தியில், பட்டியலின் தலையில், அப்பெயர் நின்றது. நிதானம் அதனை மனைவியை அழைத்துக் காட்டினார். மருந்தகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவள், வெள்ளை மேலங்கியைக் கழற்றாமலே குனிந்து பார்த்து, “எங்க அண்ணன்னா சும்மாவா?” என்றாள்.

எண்ணிக்கை மெல்ல ஏறிற்று. இரண்டாம் வாரத்தில் நாற்பதின்மரும் வாக்களித்து முடித்தபோது, வேண்டும் என்றோர் இருபத்தெழுவர். வேண்டாம் என்றோர் பதின்மூவர். இருபத்தேழு வந்தால் வெற்றி, இருபத்தாறாயின் தோல்வி. மயிரிழைதான் இடைவெளி.

அப்பதின்மூவருள் ஒருவர், மொழிக்கான கையேட்டை முப்பது ஆண்டுகளாக எழுதிவரும் முதியவர்; விளக்கவுரைக்காரர் என்றே அவரை எல்லாரும் சொல்வர். அவரிடமிருந்து நிதானத்துக்குத் தனியே ஒரு கடிதம் வந்திருந்தது. முதற்படியிலேயே ஆள் இல்லையென்றால், அம்புக்கு வலப்பக்கத்தில் மிச்சமுள்ள படிகள் நடக்குமா, நிற்குமா? முன்மொழிவில் அது தெளிவாக இல்லை. விளக்கினால் மறுபடி யோசிப்பேன் என்று எழுதியிருந்தார்.

நிதானம் விடையெழுத அமர்ந்தபோது மச்சான் தொலைபேசியில் தடுத்தார்.

“விடு மாப்ள. ஜெயிச்ச ஆட்டத்துல எதுக்கு வீண் பேச்சு? நீ ஒண்ணு எழுதுவ, அவர் ஒம்போது கேப்பாரு. அதைப் பாத்து நம்ம பக்கத்துல இருக்கிறவனுக்கும் சந்தேகம் வரும். வாயைக் கட்டிக்கிட்டு இரு.”

“கேட்டவருக்குப் பதில் சொல்லாம இருக்கிறது மரியாதையா மச்சான்?”

“மரியாதையெல்லாம் ஜெயிச்சப்புறம் பாத்துக்கலாம். என்னை நம்பு.”

நிதானம் நம்பினார். பாதி எழுதிய விடை அப்படியே கிடந்தது.

கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடியவேண்டும். அலுவலகத்தில் பூதக்கண்ணாடி ஒரு தட்டில் இனிப்புகளை வாங்கி வைத்து, மேலே தாளை மூடியிருந்தார். ஐந்து நாற்பதுக்கு நிதானம் பக்கத்தைப் புதுப்பித்தார். இருபத்தாறு, பதினான்கு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் புதுப்பித்தார். அதே எண். ‘வேண்டாம்’ பத்தியின் அடியில் புதிதாக ஒரு பெயர்: மரங்கொத்தி.

“உங்க மச்சான் தானே சார் அது?” என்றார் பூதக்கண்ணாடி, மெதுவாக.

“கை தவறியிருக்கும். போன்ல பாத்திருப்பாரு. சின்னப் பொத்தான், பெரிய விரலு.”

தொலைபேசியில் அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார், ஓய்ந்தது. ‘மச்சான், உன் ஓட்டு தப்பாப் பதிவாயிருக்கு. ஆறுக்குள்ள மாத்திடு’ என்று செய்தி அனுப்பினார். வழக்கம்போல் ஒருமுறை உதடசையப் படித்துவிட்டே அனுப்பினார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு விடை வந்தது: ‘மீட்டிங்ல இருக்கேன்.’

“சார், லெட்டர் போட்டாருன்னு சொன்னீங்களே, அந்தப் பெரியவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. எட்டு நிமிஷம் இருக்கு” என்று பூதக்கண்ணாடி துடித்தார்.

“இருங்கம்மா. மீட்டிங் முடிஞ்சதும் மாத்திடுவாரு. அவருக்குத் தெரியாமலா போகும்?”

ஆறு மணிக்குப் பக்கம் பூட்டிக்கொண்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. பூதக்கண்ணாடி இனிப்புத் தட்டை எடுத்துத் தம் மேசைக்கடியில் வைத்தார். சற்றுப் பொறுத்து, எவரிடமோ சொல்வது போலச் சொன்னார்: “பூட்டை மூணு தடவை இழுத்துப் பாக்குறவரு நீங்க.”

வீட்டில் மனைவி செய்தியைக் கேட்டதும் நின்றபடியே நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள்.

“அண்ணனா? இருக்காதுங்க.” பிறகு அவள் முகம் மாறிற்று. “போன ஞாயித்துக்கிழமை நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தப்ப வந்து சொன்னான். ‘ஓட்டுன்னா முன்ன பின்ன இருக்கும், மாப்ள மனசு உடைஞ்சுறாமப் பாத்துக்கோ’ன்னு. நான் அதை அக்கறைன்னுல்ல நெனச்சேன்!”

நிதானம் நாளைக் கணக்கிட்டார். ஞாயிறு என்றால் நான்கு நாளைக்கு முன். அப்படியானால் கை தவறவில்லை.

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன், தனியாகவே மச்சான் வீட்டுக்குச் சென்றார். மச்சான் கழுத்தில் துண்டுடன், பாதி மழித்த முகத்துடன் கதவைத் திறந்தார்.

“வா மாப்ள. சாப்டியா?”

“கை தவறிடுச்சுன்னு சொல்லு மச்சான். நம்பிட்டுப் போயிடறேன்.”

மச்சான் முகத்து நுரையைத் துண்டால் வழித்தார். “உன்கிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது.”

“பதிமூணு நாளாச் சொன்னியே.”

“அது பொய்யில்ல, ஓட்டு. முடியற வரைக்கும் மாத்திக்கலாம்னு விதியே இருக்கு.” நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினான்கு மாதம் அமர்ந்து எழுதிய அதே மேசை. “உக்காரு. கோவப்படாமக் கேளு. ஆறு மாசம் கழிச்சுக் கொண்டுவர எங்க ஆபீஸ்ல ஒரு பெரிய ப்ரொபோசல் தயாராகுது. ஒம்போது மாத்தம், ஒரே கட்டு. அதுல எட்டு கசப்பு மருந்து, ஒருத்தனுக்கும் பிடிக்காது. ஒம்போதாவது உன்னோட கேள்விக்குறி. அதுதான் சர்க்கரை. உன்னுது தனியா ஜெயிச்சுட்டா, மிச்ச எட்டை எவன் முழுங்குவான்? அந்தக் கட்டை ஜெயிக்க வச்சா டீமே என் கைக்கு வருது.”

“எப்போலேருந்து தெரியும்?”

“ஒரு மாசமா.”

“அப்போ முதல் நாளே வேண்டாம்னு போட்டிருக்கலாமே.”

“போட்டிருந்தா நீ சும்மா இருப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா? ஆளாளுக்கு லெட்டர் எழுதுவ. அந்த விளக்கவுரைக்காரரையே திருப்பியிருப்ப.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று மச்சானுக்கே உறைத்திருக்க வேண்டும்; துண்டை மடிக்கத் தொடங்கினார். நிதானத்துக்கு அந்தத் தொலைபேசிப் பேச்சு காதில் மீண்டும் ஒலித்தது. வாயைக் கட்டிக்கிட்டு இரு. என்னை நம்பு. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். தொட்டிலை ஆட்டி முடித்து, பிள்ளை உறங்கியதை உறுதி செய்துகொண்டு, அதன்பின் கிள்ளுபவரை அன்றுதான் கண்டார்.

“நீ கேட்டிருந்தா நானே வாபஸ் வாங்கியிருப்பேன் மச்சான்” என்றார்.

மச்சான் மடித்த துண்டை மறுபடி பிரித்தார்.

“உனக்கு நஷ்டம் ஒண்ணுமில்ல மாப்ள” என்று மச்சான் தொடர்ந்தபோது குரல் மென்மையாகியிருந்தது. “உன் பேரைத்தான் முதல்ல போடப்போறேன். என் பேரு ரெண்டாவது. உன் டெஸ்ட் எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கறோம். உலகமே படிக்கும். நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“பாத்துச் சொல்றேன்.”

படியிறங்கி இரண்டு தெரு நடந்த பின்னரே, வந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு வந்தது அவருக்கு நினைவு வந்தது. திரும்பிச் சென்றார். மேலே சன்னலில் மச்சான் நிற்பது கடைக்கண்ணில் பட்டது. நிதானம் அண்ணாந்து பாராமல் வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த பத்து நாட்கள் வேலை வழக்கம்போல் நடந்தது. அதே அலுவலகம், அதே சொட்டும் நீர், அதே நாலுவரிச் சோதனை: ஆள் இருக்கிறாரா, இருக்கிறாரா, இருக்கிறாரா. எழுதும்போதெல்லாம் அந்த அம்மாளின் கட்டிட்ட கை கண்முன் வந்தது. தோற்றதை அவர் தாங்கிக்கொண்டார். வாக்கெடுப்பில் தோற்பவர் எத்தனையோ பேர். தாங்க முடியாதது, பட்டியலின் தலையில் பதின்மூன்று நாள் நின்ற அந்தப் பெயரும், அதனைப் பார்த்துப் பார்த்துத் தாம் நிம்மதியாக உறங்கிய பதின்மூன்று இரவுகளுமே.

பத்தாம் நாள் ஒப்புதல் படிவம் மச்சானிடமிருந்து வந்தது. முதல் ஆசிரியர் என்னுமிடத்தில் நிதானத்தின் பெயர் முன்னரே நிரப்பப்பட்டிருந்தது. ஒன்பது மாற்றங்களையும் அவர் நிதானமாகப் படித்தார். எட்டில் ஐந்தனால் மருத்துவமனைகளின் பழைய பக்கங்கள் பல உடையும். தம் பெயர் அவற்றுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கும்.

படிவத்தை அப்படியே விட்டுவிட்டு, பாதியில் நின்ற பழைய கடிதத்தைத் திறந்தார். ‘முதற்படியில் ஆள் இல்லையெனின், வலப்பக்கம் முழுவதும் நின்றுவிடும், எதுவும் நடவாது. தங்கள் கடிதத்துக்கு உரிய காலத்தில் விடையளிக்கத் தவறியது என் பிழை. மன்னிக்க’ என்று முடித்து, ஒருமுறை படித்து, அனுப்பினார்.

விளக்கவுரைக்காரரின் விடை ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. ‘இந்த ஒரு வரிக்காகவே ஆறு மணி வரை பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். வந்திருந்தால் என் வாக்கை மாற்றியிருப்பேன். ஏன் வரவில்லை என்று வியந்தேன். நீர் அப்படி விடுபவரல்லரே.’

நிதானம் கைவிரல்களில் கணக்குப் பார்த்தார். மச்சான் மாறியபின் இருபத்தாறு. இவரும் வந்திருந்தால் இருபத்தேழு.

மனைவி அவருக்குப் பின்னால் நின்று அதனைப் படித்தாள். பிறகு, “அண்ணன் மத்தியானம் கூப்பிட்டான். கையெழுத்துப் போட்டாச்சான்னு கேட்டான். என்ன சொல்றது?” என்றாள். அவள் குரலில் மன்றாட்டும் இல்லை, கோபமும் இல்லை, களைப்பு இருந்தது.

“போட மாட்டேன்னு நானே எழுதிடறேன். டெஸ்டெல்லாம் பொதுவில இருக்கு, வேணும்னா எடுத்துக்கட்டும். என் பேரு வேண்டாம்.”

“அவ்வளவு நாள் உழைச்சீங்க.”

“ஆறு மாசம் கழிச்சு நானே திரும்பக் கொண்டு வரேன். அந்தக் கேள்விக்குறி மட்டும், தனியா. பெரியவர் துணைக்கு நிப்பாரான்னு கேட்டுப் பாக்குறேன்.”

அவள் தலையசைத்தாள். மேசை மீதிருந்த அவருடைய தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பியவள், வாசற்படியில் நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை?”

நிதானம் மச்சானுக்குரிய இரண்டு வரிகளை எழுதி முடித்தார். வழக்கம்போல் படித்துப் பார்க்காமல் அனுப்பினார்.

“நீ போயிட்டு வா. அவன் உனக்கு அண்ணன்” என்றார். “நான் இனிமே வரல.”